தராசு பிடிக்கிறவரின் சம்பளம்

நீதிபதிக்கு எதற்கு அவ்வளவு சம்பளம் என்று யாராவது கேட்டால் நம்மிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. "குடுக்கலைன்னா கை நீட்டுவாரு, அதான்." ஈப்போவின் எந்தக் கோப்பிக்கடையிலும் இந்தப் பதிலைக் கேட்கலாம். படித்தவர்களும் இதையேதான் கொஞ்சம் இஸ்திரி போட்ட மொழியில் சொல்கிறார்கள்.

இந்தப் பதில் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் ஒட்டுப்பாலை ஒளித்து வெளியே விற்றால் நாலு காசு கிடைக்கும். மாட்டிக்கொண்டால் போலீஸ், கோர்ட்டு, வேலையும் போகும். அப்படி மாட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது, "பாவம், சம்பளம் பத்தல, கொஞ்சம் கூட்டிக் குடுத்திருந்தா எடுத்திருக்க மாட்டான்" என்று எந்த மாஜிஸ்திரேட்டும் நிர்வாகத்திடம் சொன்னதாகப் பாட்டிக்கு நினைவில்லை. ஏழை திருடினால் அது அவன் குணம். பதவியில் இருப்பவர் திருடினால் மட்டும் அது சம்பளப் பிரச்சினை. நீதிபதியின் ஊதியத்துக்கு இதைத் தவிர வேறு நியாயம் இல்லையென்றால் அது நியாயமே இல்லை என்றுதான் சொல்வேன்.

வேறு நியாயம் இருக்கிறது. அதைத் தேடிப்போனால் முதலில் எதிர்ப்படுகிறவர் ஒரு நாவலாசிரியர்.

'டாம் ஜோன்ஸ்' எழுதிய ஹென்றி ஃபீல்டிங்கை இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் லண்டனில் போ ஸ்ட்ரீட்டில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அன்றைய லண்டன் மாஜிஸ்திரேட்டுகளுக்கு முறையான சம்பளம் கிடையாது. வழக்கோடு வருகிறவர்களிடம் வாங்கும் கட்டணம்தான் வருமானம். ஆகவே, சண்டை எவ்வளவு அதிகமோ வரும்படியும் அவ்வளவு அதிகம். வாரண்டுக்கு ஒரு காசு, ஜாமீனுக்கு ஒரு காசு. இவர்களை 'வியாபார நீதிபதிகள்' என்றே ஊர் அழைத்தது. தனக்கு முன் இருந்தவர் வருடத்துக்கு ஆயிரம் பவுன் சம்பாதித்ததாகப் பெருமையடித்ததையும், தான் தெருச்சண்டைக்காரர்களைச் சமாதானம் பேசி அனுப்பியதிலும் இல்லாதவர்களிடம் வாங்க மறுத்ததிலும் ஐந்நூறு பவுனாக இருந்த வரும்படி முந்நூறு சொச்சமாக இறங்கியதையும் ஃபீல்டிங் கடைசிக் காலத்தில் எழுதிவைத்தார். 1754-இல் லிஸ்பனில் இறந்துபோனார். 1792-இல்தான் ஒரு சட்டம் வந்தது. லண்டனில் ஏழு நீதி அலுவலகங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று மாஜிஸ்திரேட்டுகள், ஆளுக்கு வருடத்துக்கு 400 பவுன் சம்பளம். கீழ்நிலை நீதிபதிக்கு இவ்வளவு என்று சட்டமே எண்ணைப் போட்டுச் சொன்ன பழைய உதாரணங்களில் இது ஒன்று.

ஃபீல்டிங்குக்கு முன்னால் இருந்தவருக்கு ஆயிரம் பவுன் வந்தது. அவர் பசியில் இருந்தவர் இல்லை. சட்டம் கொடுத்த 400 அதைவிடக் குறைவு. அப்படியென்றால் 1792-ஆம் ஆண்டுச் சட்டம் சரிசெய்தது பசியை அல்ல. பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பதைத்தான் அது மாற்றியது.

இதை எனக்கு ஃபீல்டிங்கைவிட எளிதாகப் புரியவைத்தவர் பாட்டி. தோட்டத்தில் பாலை நிறுப்பவர் கிராணி. காலையில் வெட்டிய பாலைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். கிராணி நிறுத்து, பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று மீட்டர் விட்டுப் பார்த்து, ஒரு எண்ணைப் புத்தகத்தில் எழுதுவார். அந்த எண்தான் கூலி. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. "தண்ணி கலந்திருக்கே" என்று அவர் சொன்னால் கலந்ததுதான். கிராணிக்குத் தனி வீடு, மாதச் சம்பளம், சைக்கிள். லயத்து ஆட்களோடு ஒப்பிட்டால் அவர் வசதிக்காரர்.

"கிராணி எப்படி பாட்டி, ஏமாத்துவாரா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சேச்சே, நல்ல மனுசன்யா. புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுப்பாரு. ஆனா எடை எப்பவும் அந்தப் பக்கந்தான் சாயும். அவருக்கும் பொழப்பு தொரகிட்டதானே."

இந்த வாக்கியத்தில் கிராணியின் மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் லஞ்சம் வாங்கவில்லை. நல்லவர்தான். ஆனாலும் அரை கிலோவா, முக்கால் கிலோவா என்று சந்தேகம் வரும் இடத்தில் அவர் கை எந்தப் பக்கம் போகும் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவு, உற்பத்தி மேலாளருக்குக் கீழே வராது. வந்தால் மாதக் கடைசியில் எண்ணிக்கை குறையும்போது எல்லாப் பொருளும் பாஸ் ஆகிவிடும். உற்பத்தி மேலாளர் திருடர் என்பதற்காக யாரும் அப்படி வைக்கவில்லை. சோதிக்கிறவரின் போனஸை எழுதும் கையும் சோதனைக்கு உள்ளாகும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பது பொறியியலில் பாலபாடம். இந்த நாட்டில் கடைத் தராசுக்கே 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் இருக்கிறது. கடைக்காரரே தன் தராசு சரி என்று முத்திரை குத்திக்கொள்ள முடியாது.

மலேசியச் சட்டம் நீதிபதி விஷயத்தில் இதை அறியாமல் இல்லை. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 125-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். நீதிபதிகளின் ஊதியத்தை நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிர்ணயிக்க வேண்டும். அந்தப் பணம் கூட்டரசின் தொகுப்பு நிதியிலிருந்து நேராக வரவேண்டும், வருடாவருடம் பட்ஜெட்டில் ஓட்டுக்கு விடக்கூடாது. ஒருவர் பதவி ஏற்ற பிறகு அவருடைய ஊதியத்தையோ ஓய்வூதியத்தையோ மற்ற நிபந்தனைகளையோ அவருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது. இந்தப் பிரிவின் வழியில் வந்ததுதான் 1971-ஆம் ஆண்டின் நீதிபதிகள் ஊதியச் சட்டம். இன்ன பதவிக்கு இன்ன தொகை என்று அட்டவணையோடு இருக்கிறது. ஏற்றலாம், இறக்க முடியாது. ஒரு பிரதமருக்கு ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்றாலும் அந்த நீதிபதியின் சம்பளத்தில் ஒரு காசைத் தொட முடியாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருக்கு? கூட்டரசு நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உயர்நீதிமன்றம் ஆகிய மூன்றின் நீதிபதிகளுக்கு. அதோடு அந்த வேலி முடிந்துவிடுகிறது. செஷன்ஸ் நீதிபதியும் மாஜிஸ்திரேட்டும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் நீதித்துறை, சட்டத்துறைப் பொதுச்சேவையின் அதிகாரிகள். சம்பளம் அரசு ஊழியர் அளவுகோலில் வரும். அந்த அளவுகோலை மாற்ற அரசுச் சுற்றறிக்கை போதும்.

ஈப்போவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உயர்நீதிமன்றக் கட்டடம் வெள்ளையாக, தூண் தூணாக நிற்கிறது. பேராக்கின் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் முன்னால் நின்றிருப்பார்கள்? என் உறவில் யாரும் இல்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நின்றவர்கள் நிறைய. சாலைக் குற்றம், அடிதடி, மோட்டார்சைக்கிள் திருட்டு, போதைப்பொருள் என்று ஆரம்பம் எல்லாம் அங்கேதான். பத்து வருடம் வரை தண்டனைக்குரிய குற்றங்களை முதல்வகுப்பு மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம், ஐந்து வருடம் வரை சிறைக்கு அனுப்பலாம். அதைவிட முக்கியமானது ரிமாண்ட். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-வது பிரிவுப்படி, பிடிபட்டவனை இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் லோக்கப்பில் வைக்க போலீஸுக்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். நாலு நாளா, ஏழு நாளா, இல்லை இப்போதே வெளியே விடுவதா என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். பையனுக்குப் பெரும்பாலும் பத்தொன்பது இருபது வயது இருக்கும். காலில் செருப்புகூட இருக்காது. லோக்கப் சட்டையில், கைவிலங்கோடு, வெளியே அம்மா காத்திருக்க, அவன் நிற்பது அந்த மேசைக்கு முன்னால்தான்.

என்னோடு ஆறாம் படிவம் படித்த தோழி ஒருத்தி இன்று வேறு மாநிலத்தில் மாஜிஸ்திரேட். அவளும் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பேத்திதான். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தபோது அவள் சட்டம் படித்தாள். மாஜிஸ்திரேட் ஆவதற்கு முன்னால் அரசுத் தரப்பில் துணை வழக்கறிஞராக வாதாடிக்கொண்டிருந்தாள். நாளை மீண்டும் அங்கேயே போகச் சொன்னாலும் போகவேண்டும், சேவை ஒன்றுதான். இந்தக் கட்டுரைக்காகச் சம்பளம் போதுமா என்று கேட்டேன்.

"சம்பளத்துக்கு என்னடா, சாப்பாட்டுக்கு வருது, காடிக் கடன் கட்டுறேன். அத யாரும் கொறைக்கப்போறதில்ல. எங்க மாத்துவாங்க, யாரு மார்க் போடுவாங்க, அதாண்டா யோசன."

அரசியலமைப்பின் 138-வது பிரிவு வகுத்த நீதித்துறை, சட்டத்துறைச் சேவை ஆணையத்தின் அமைப்பை அவள்தான் எனக்கு விளக்கினாள். தலைவர், பொதுச்சேவை ஆணையத்தின் தலைவர். உறுப்பினர்களில் ஒருவர் சட்டத்துறைத் தலைவர். அவரேதான் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கெல்லாம் மேலே இருந்துவந்தவர். நீதிபதிகளும் அதில் உண்டு. ஆனால், தன் முன்னால் வாதாடும் தரப்பின் தலைவர் தன் பதவி உயர்வைப் பேசும் அறையில் ஒரு நாற்காலி வைத்திருக்கிறார் என்பது எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியும். சேவையை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது, அண்மை ஆண்டுகளில் அரசும் பேசுகிறது. தோழியை நான் சிறு வயதிலிருந்து அறிவேன். அவள் எடையைச் சாய்க்க மாட்டாள். ஆனால் கிராணியும் நல்லவர்தானே. வரிசையில் நிற்பவருக்குத் தோழியைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மட்டும்.

வரிசையில் நிற்பவரின் பக்கமிருந்து இந்தக் கேள்வியைக் கேட்ட வழக்கு ஒன்று கனடாவில் நடந்தது. 1994-இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்ற சின்ன மாகாணம் செலவைக் குறைக்க அரசுச் சம்பளங்களை வெட்டியது. மாகாண நீதிமன்ற நீதிபதிகளுக்கும் 7.5 விழுக்காடு போயிற்று. ஆல்பர்ட்டா, மனிட்டோபா மாகாணங்களிலும் இதே கதை. கனடாவின் அரசியலமைப்பிலும் நம்முடையதைப் போலவே எழுத்தில் இருந்த ஊதியப் பாதுகாப்பு மேல்நிலை நீதிபதிகளுக்குத்தான், மாகாண நீதிமன்றங்களுக்கு இல்லை. ஆல்பர்ட்டாவில் வழக்கைக் கிளப்பியவர்கள் நீதிபதிகள் அல்ல, குற்றம் சாட்டப்பட்ட சில சாதாரண ஆட்கள். "என்னை விசாரிக்கும் நீதிபதியின் சம்பளத்தை அரசாங்கம் நினைத்தபோது வெட்டலாம் என்றால், அரசாங்கம் என்மேல் போட்ட வழக்கை அவர் எப்படிச் சுதந்திரமாக விசாரிப்பார்?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 1997 செப்டம்பரில் கனடிய உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சுயேச்சையான ஓர் ஆணையத்தைக் கேட்காமல் ஏற்றவோ இறக்கவோ கூடாது. நீதிபதிகள் அரசோடு உட்கார்ந்து பேரம் பேசக்கூடாது. எந்த நெருக்கடியிலும் ஓர் அடிமட்டத்துக்குக் கீழே ஊதியம் போகக்கூடாது. அந்த அடிமட்டம் நீதிபதிகளின் நலனுக்காக அல்ல என்பதையும் தீர்ப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த உரிமை கூண்டில் நிற்பவனுடையது. நீதிபதியின் சம்பளச் சீட்டில் அச்சாகியிருந்தாலும் அவனுடையதுதான். இந்த ஒரு நகர்வு எனக்குப் பெரியதாகப் படுகிறது. இப்படிப் பார்த்தால், மேல்நிலை நீதிபதிக்கு அரசியலமைப்பில் வேலி போட்டுவிட்டு மாஜிஸ்திரேட்டைச் சுற்றறிக்கையிடம் விடுவது வெறும் அந்தஸ்துக் கணக்காக இருக்க முடியாது. பெரிய கம்பெனிகளும் அமைச்சர்களும் போய்ச் சேரும் நீதிமன்றத்தில் தராசுக்கு முத்திரை குத்தி, செருப்பில்லாத பையன் நிற்கும் நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தை நம்பச் சொல்கிறோம்.

இந்தியாவில் இந்தச் சண்டை முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அனைத்திந்திய நீதிபதிகள் சங்கம் போட்ட வழக்கில் 1991-இலும் 1993-இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கீழமை நீதிபதிகளை அரசு அலுவலர்களோடு வைத்து எடைபோடாதீர்கள், அவர்கள் செய்வது அரசின் இறையாண்மை வேலை என்பது அதன் நிலைப்பாடு. பிறகு 1996-இல் நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி ஆணையம், 2002-இல் அதை ஏற்ற தீர்ப்பு, அப்புறம் பத்மநாபன் குழு, 2017-இல் வெங்கடராம ரெட்டி ஆணையம். தமிழ்நாட்டில் முன்பு மாவட்ட முன்சீப் என்று அழைக்கப்பட்டவரின் படியில், அதாவது ஆகக் கீழ்ப்படியில், ஆரம்பச் சம்பளம் ஷெட்டி காலத்தில் 9,000 ரூபாய், அடுத்தது 27,700, அதற்கடுத்தது 77,840. கடைசித் தொகையை 2022-இல் ஏற்று, 2016 ஜனவரி முதல் கணக்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். நாடு முழுக்க ஒரே தரை. ஆனால் காசு மாநிலங்களின் பையிலிருந்து வரவேண்டும். அவை இழுத்தடித்தன. 2024-இல் உச்சநீதிமன்றம் பல மாநிலத் தலைமைச் செயலாளர்களை நேரில் வரச்சொல்லி நிற்கவைத்தது. நீதிபதிகளின் நிலுவைத் தொகைக்காக நீதிபதிகளே அரசை மிரட்டவேண்டி வந்த அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு ரசிக்கவில்லை. கனடாக்காரர்கள் ஏன் ஓர் ஆணையத்தை நடுவில் வைத்தார்கள் என்பது அங்கேதான் விளங்குகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு பாட்டியின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. நீதிபதியின் ஊதியம் இறங்கக்கூடாது என்று இந்த நாடு 1957-இலேயே எழுதிவைத்தது. தொழிலாளிகளில் சிலருக்குத் தரை இருந்தது. 1947-இல் வந்த ஊதிய மன்றச் சட்டத்தின் கீழ் கடை ஊழியர், ஹோட்டல் ஊழியர், சினிமாக் கொட்டகை ஊழியர் வந்தார்கள். டிக்கெட் கிழிப்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு, பால் வெட்டுபவருக்கு இல்லை. தோட்டத்தில் தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் போட்ட ஒப்பந்தம்தான், அதிலும் ரப்பர் விலையோடு கூலி ஏறி இறங்கும். லண்டன் சந்தையில் விலை விழுந்தால் சுங்கை சிப்புட்டில் சோறு குறையும். சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் தோட்டத்துக்கு வந்தது 2013 ஜனவரியில், தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. இன்று 1,700. 1957-க்கும் 2013-க்கும் இடையே ஐம்பத்தாறு வருடம். பாட்டியின் வேலைக்காலம் மொத்தமும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டது.

இரண்டும் ஒரே உரிமையா? இல்லை என்று நினைக்கிறேன். பாட்டிக்கு வேண்டியிருந்தது வாழ்வதற்கான தரை, அது அவருடையது. மாஜிஸ்திரேட்டின் தரை இன்னொருவருக்கானது. முன்னதைத் தராதவன் பின்னதைத் தந்ததால் பின்னது பொய்யாகிவிடாது. ஆனால் வரிசை இப்படி அமைந்தது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். சம்பளம் கொடுக்காமலும் நேர்மையான நீதியைத் தேடிய ஏற்பாடுகள் உண்டு. முதலிலேயே வயிறு நிறைந்தவரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் அது. உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் குடவோலை என்று பெருமையாகப் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது என்று அதில் இருப்பது உண்மை, அழகுதான். கூடவே, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி என்றும் இருக்கிறது. என் தோழியை அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நிலம் இல்லை, வயது இல்லை, வேதம் இல்லை, பெண் வேறு. ஓலையில் பெயர் எழுதவே ஆள் வரமாட்டார்கள். அவள் இன்று அந்த நாற்காலியில் உட்கார முடிவது மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதால்தான். கீழ்நிலை நீதிபதிக்கு நல்ல ஊதியம் வேண்டும் என்பதற்கு லஞ்சத்தைவிட இது எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

சம்பளத்துக்கு வேலி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. 1988-இல் நீதித்துறையின் தலைவராக இருந்த சாலே அபாஸுக்கு 125-வது பிரிவின் முழுப் பாதுகாப்பும் இருந்தது. சம்பளத்தை யாரும் தொடவில்லை. ஒரு நடுவர் மன்றம் அமைத்து ஆளையே நீக்கினார்கள். அவரோடு வான் சுலைமான், ஜார்ஜ் சியா என்ற இரண்டு உச்சநீதிமன்ற நீதிபதிகளும் போனார்கள். கைக்கு ஒரு வழி அடைத்தால் அது வேறு வழி பார்க்கும். தோழி இடமாற்றத்தைப் பற்றிப் பேசியதும் அதனால்தான்.

அவளிடம் பேசி முடிக்கும்போது, தோட்டத் தொழிலாளியின் கூலி வழக்கு உன்னிடம் வருமா என்று கேட்டேன். பெரும்பாலும் வராது என்றாள். சம்பளப் பாக்கி, வேலைநீக்க இழப்பீடு இவையெல்லாம் 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி தொழிலாளர் இலாகாவுக்குப் போகும். அங்கே சாட்சி கேட்டு உத்தரவு போடுகிறவர் ஓர் இலாகா அதிகாரி. ஊரில் அதை 'லேபர் கோர்ட்டு' என்கிறார்கள், ஆனால் அவர் நீதிபதி இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை. பாட்டியின் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது, வருடத்துக்கு இருபது நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு கேட்டு லயத்து ஆட்கள் லாரி ஏறிப்போய் நின்றது அப்படிப்பட்ட ஒரு மேசைக்கு முன்னால்தான்.